ஒருவர் ஓய்வு பெற்றால் குடும்பமே ஓய்வு பெறுவதில்லை

2012இல், 46ஆவது வயதில், சம்பள வேலையை விட்டேன். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் நான் போட்டுப் பார்த்த கணக்குகள் அனைத்தும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தன: கையில் இருக்கும் தொகை ஆண்டுச் செலவின் எத்தனை மடங்கானால் வேலையை விடலாம்? இத்தனை ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கையில், அந்தக் கேள்வியின் முதல் பாதியான கையிருப்பு பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டது என்றும், இரண்டாம் பாதியான செலவுதான் ஆண்டுக்கு ஆண்டு புதிய முகம் காட்டியது என்றும் சொல்ல வேண்டும். அந்தச் செலவை நான் மட்டும் தீர்மானிக்கவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், இரு பக்கத்துப் பெற்றோர் ஆகியோரின் விருப்பமும் உடல்நிலையும் பொறுமையும் சேர்ந்தே அதைத் தீர்மானித்தன. ஆகவே பணத்தை ஒரு பக்கமும் குடும்பத்தை மறுபக்கமும் வைத்து எழுத எனக்கு வழியில்லை. இந்த வீட்டில் அவை ஒருபோதும் பிரிந்து இருந்ததில்லை.

முன்கூட்டியே ஓய்வு பெற நினைக்கும் எவரும் முதலில் சந்திக்கும் எண் 25. ஆண்டுச் செலவின் 25 மடங்கு சேர்ந்துவிட்டால், முதல் ஆண்டில் அதிலிருந்து 4 விழுக்காடு எடுத்துக்கொண்டு, பிறகு அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போகலாம் என்பது அதன் சாரம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்தது இது. டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் 1998இல் செய்த ஆய்வு அதைப் பரவலாக்கியது. எண்ணை எடுத்துக்கொள்கிறவர்கள் அதோடு வரும் நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. பெங்கன் ஆராய்ந்தவை 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகள். பணத்தில் பாதியாவது பங்குகளில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அவர் மனத்தில் வைத்திருந்த காலமோ 30 ஆண்டுகள்.

அறுபதைத் தாண்டி ஓய்வு பெறுகிறவருக்கு 30 ஆண்டுகள் போதும். 46இல் வேலையை விட்டவர் 90 வரை இருந்தால் 44 ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். அந்த 44 ஆண்டுகளில் விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், இன்றைய அதே வாழ்க்கைக்குக் கடைசி ஆண்டில் மூன்றரை மடங்குக்கும் மேலான தொகை தேவைப்படும்; 6 விழுக்காடு ஏறினால் ஏறத்தாழ 13 மடங்கு. ஏற்றம் 3 விழுக்காடா 6 விழுக்காடா என்பது பேச்சில் சிறிய வேறுபாடாகத் தெரிகிறது. வாழ்நாள் கணக்கில் அது இருவேறு வாழ்க்கைகளுக்கு இடையிலான தூரம். இதை உத்தேசித்தே நான் 25 மடங்கில் நிற்காமல், 33 மடங்கு சேர்ந்து, முதல் ஆண்டுத் தேவை கையிருப்பில் 3 விழுக்காடாகக் குறையும் வரை காத்திருந்தேன். அதற்காகக் கூடுதலாக உழைத்த ஆண்டுகளில் எனக்கு வருத்தமில்லை. மகளின் பள்ளி விழாக்களுக்கு அப்போதும் தனியாகவே போய்வந்த என் மனைவிக்கு இருக்கிறது.

சராசரி வருமானத்தைவிட, நல்ல ஆண்டுகளும் கெட்ட ஆண்டுகளும் எந்த வரிசையில் வருகின்றன என்பதே ஓய்வு பெற்றவரின் தலையெழுத்தை அதிகம் எழுதுகிறது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை என்பதால் சிறிய கணக்கு ஒன்றைத் தருகிறேன். இருவர் தலா 100 வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 4 எடுத்துச் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்குச் சந்தை முதல் ஆண்டில் 30 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 10 விழுக்காடும் விழுந்து, அடுத்த மூன்று ஆண்டுகளும் 15 விழுக்காடு ஏறுகிறது. இரண்டாமவருக்கு அதே ஐந்து ஆண்டுகள் தலைகீழாக வருகின்றன: மூன்று ஏற்றங்கள் முதலில், பிறகு 10 விழுக்காடு இறக்கம், கடைசியில் 30 விழுக்காடு இறக்கம். எதையும் எடுக்காமல் இருந்திருந்தால் இருவரிடமும் ஒரே தொகை, ஏறத்தாழ 96, இருந்திருக்கும். எடுத்துச் செலவழித்ததால் முதலாமவரிடம் 70க்குச் சற்று மேலும், இரண்டாமவரிடம் 80க்குச் சற்று மேலும் மிஞ்சுகின்றன. இருவரும் ஒரே அளவு சேமித்தார்கள், ஒரே அளவு செலவழித்தார்கள். வேலையை விட்ட ஆண்டு மட்டுமே வேறு. அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்களின் நிலை பெங்கனின் கணக்கில் மிக மோசமாக வந்ததற்கும் இதுவே காரணம்: தொடக்க ஆண்டுகளிலேயே சந்தை சோர்ந்தது, 1970களில் விலைவாசியும் ஏறியது.

எனக்கு வாய்த்த வரிசை நல்ல வரிசை. 2012க்குப் பின் பல ஆண்டுகள் சந்தை உயர்ந்துகொண்டே இருந்ததால், 2020 மார்ச் வரும்போது என் கையிருப்பில் இறக்கத்தைத் தாங்கும் சதை பிடித்திருந்தது. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. என் கணக்கு பிழைத்ததற்குச் சந்தையைவிடவும் பெங்கனைவிடவும் முதன்மையான காரணம் என் மனைவியின் சம்பளம். அவர் 2018 வரை வேலையில் இருந்தார். வீட்டுச் செலவில் பாதியை அவரது வருமானம் ஏற்றதால், நான் 3 விழுக்காடு எடுக்கத் திட்டமிட்டிருந்த இடத்தில் ஒன்றரை விழுக்காடு மட்டுமே எடுக்க நேர்ந்தது. மிக ஆபத்தான தொடக்க ஆண்டுகளை அப்படித்தான் கடந்தோம். முன்கூட்டிய ஓய்வைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற பலரது வீட்டில் இப்படி ஒரு சம்பளம் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டுத் தங்கள் முதலீட்டுத் திறனை மட்டும் பேசுவது, கேட்கிறவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

அந்தச் சம்பளத்துக்கு ஒரு விலையும் இருந்தது. காலையில் அவர் கிளம்புகிறார். நான் வீட்டில் இருக்கிறேன். மாலையில் அவர் திரும்பும்போது, பகல் முழுவதும் பேச ஆளில்லாமல் இருந்த எனக்கு அன்று படித்தது, யோசித்தது எல்லாவற்றையும் சொல்லத் தோன்றும். பகல் முழுவதும் பேசிக் களைத்த அவருக்கோ அரைமணி நேரம் அமைதி வேண்டும். வீட்டு வேலைகளை நான் ஏற்றுக்கொண்டபோது அவற்றோடு அட்டவணைகளையும் காலக்கெடுகளையும் கொண்டுவந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டிய வாராந்தரப் பட்டியலை ஒரு நாள் நின்று முழுவதுமாகப் படித்தவர், பையைக்கூடக் கீழே வைக்காமல், "ஆபீஸ்ல இருந்துதான் வரேன். வீட்டுக்குள்ள இன்னொரு ஆபீஸ் வேண்டாங்க" என்றார். பட்டியல் மறுநாள் போய்விட்டது. சமையலும் துணி துவைப்பதும் என்னிடமே இருந்தன. அவற்றை எப்படிச் செய்ய வேண்டும் என்று எவரும் எவருக்கும் சொல்வதில்லை என்ற ஏற்பாடு மெல்ல உருவானது.

ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கை மாற்றங்கள் தரும் மனஅழுத்தத்துக்கு மதிப்பெண் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அதில் வாழ்க்கைத் துணையின் மரணம் 100, வேலையிலிருந்து நீக்கப்படுவது 47, பணி ஓய்வு 45. கடைசி இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதைப் படித்தபோது முதலில் மிகையாகத் தோன்றியது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை. நாமே விரும்பி விட்டாலும் போவது போய்விடுகிறது: காலையில் போய்ச் சேர ஓர் இடம், நம் கருத்துக்குக் காத்திருக்கும் சிலர், அறிமுகமில்லாதவரிடம் ஒரே வாக்கியத்தில் நம்மைச் சொல்லிக்கொள்ளும் வசதி. இந்த இழப்புகளை ஈடுசெய்யும் பொறுப்பு மனைவி மக்களின் தலையில் தானாக விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, வேலையை விட்டவர் செய்ய வேண்டிய முதல் வேலை. நான் வாரத்தில் மூன்று நாட்கள் ஒரு பள்ளியில் ஊதியமின்றிக் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் காற்றோட்டம் வந்தது. அதைச் சேவை என்று சிலர் பாராட்டுகிறார்கள். பாதிக்கு மேல் சுயநலம்.

பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. வேலையை விட்டபோது மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தை நிரப்பும் போதெல்லாம் மகள் தயங்குவாள். சில ஆண்டுகள் பழைய பதவியையே எழுதிவந்தாள், பிறகு தானாகவே 'முதலீட்டாளர்' என்று எழுத ஆரம்பித்தாள். மகனின் கவலை நேரடியானது. ஓர் இரவு படுக்கப் போகும் நேரத்தில், "அப்பா, பணம் தீந்துபோச்சுன்னா திரும்ப வேலைக்குப் போவீங்களா, இல்ல அம்மா மட்டும் போவாங்களா?" என்று கேட்டான். குழந்தைக்கு ஏன் இதெல்லாம் என்று மழுப்பாமல் கணக்கு நோட்டை எடுத்து, ஓர் ஆண்டுக்கு வீட்டுக்கு ஆகும் செலவை ஒரு கட்டமாகவும், கையிருப்பை அதேபோன்ற 33 கட்டங்களாகவும் வரைந்து காட்டினேன். அவன் கட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தன் வயதோடு 33ஐக் கூட்டி, "அப்போ எனக்கு 41 வயசுல தீந்துடும்" என்றான். கட்டங்களும் வளரும் என்பதை அவனுக்கு விளங்கவைக்க மேலும் சில மாதங்கள் ஆயின. அதன் பிறகு வீட்டின் பண நிலையைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் இல்லாத வறுமையையோ இல்லாத செல்வத்தையோ அவர்களே கற்பனை செய்துகொண்டிருப்பார்கள்.

அவர்களது கல்லூரிச் செலவை நான் அந்த 33 மடங்குக்குள் சேர்க்கவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண்டுச் செலவின் மடங்கு என்று பேசும்போது, செலவு ஆண்டுதோறும் ஒரே சீராக ஓடும் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. குடும்பத்தின் செலவு அப்படி ஓடுவதில்லை. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது ஓர் அளவு, அவர்கள் கல்லூரியில் இருக்கும் ஆண்டுகளில் இரட்டிப்புக்கு அருகில், அவர்கள் சம்பாதிக்கத் தொடங்கியதும் சரிவு, முதுமையில் மருத்துவத்துக்காக மீண்டும் ஏற்றம். எங்கள் வீட்டில் மகள் முடித்த ஆண்டிலேயே மகன் சேர்ந்ததால், இடைவெளியின்றி எட்டு ஆண்டுகளுக்குக் கல்லூரிக் கட்டணம் ஓடியது. அதற்கான தொகை தனிக் கணக்கில், கட்டணம் செலுத்தும் ஆண்டு நெருங்க நெருங்கப் பங்குகளிலிருந்து வைப்புநிதிக்கு மாறிக்கொண்டே வந்ததால், 2020இல் சந்தை சரிந்த வாரங்களில் மகளின் கட்டணத்துக்காக எதையும் நட்டத்தில் விற்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சரிவு அளவில் பெரியது, காலத்தில் சிறியது. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குச் சந்தைக் குறியீடு 2020 பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் இடையில் ஏறத்தாழ 34 விழுக்காடு விழுந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய உயரத்தைத் தொட்டுவிட்டது. எங்களை உண்மையில் சோதித்தது 2022. அந்த ஆண்டு பங்குகளும் கடன் பத்திரங்களும் சேர்ந்தே இறங்கின. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்ற வழக்கமான நம்பிக்கை உதவவில்லை. விலைவாசியும் உலகெங்கும் ஏறியது. மனைவியின் சம்பளமும் அப்போது இல்லை. ஜொனாதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இருவர் 2006இல் முன்வைத்த விதி ஒன்றை நாங்கள் முன்பே ஏற்றிருந்தோம். கையிருப்பிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கும் விகிதம் தொடக்க விகிதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் செலவைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம் என்பது அந்த விதி. 2022இல் நாங்கள் அந்த எல்லையைத் தொடவில்லை என்றாலும், தொடுவதற்கு முன்பே ஓராண்டுக்குப் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

விதியை எழுதுகிறவர்களுக்குப் பத்து விழுக்காடு என்பது ஓர் எண். வீட்டில் அது யாரோ ஒருவரது விருப்பம். ஆண்டுக் கடைசியில் நால்வரும் உட்கார்ந்து, செலவுகளை நிற்காதவை, தள்ளிப்போடக்கூடியவை, விடக்கூடியவை என்று மூன்று பத்திகளாகப் பிரிப்பது எங்கள் பழக்கம். ஒவ்வொருவரும் முதலில் தனித்தனித் தாளில் எழுதுவோம், பிறகு ஒப்பிடுவோம். அந்த ஆண்டு நான் 'நிற்காதவை'யில் எழுதியிருந்த என் புத்தகச் செலவு மற்ற மூவரின் தாளிலும் 'விடக்கூடியவை'யில் இருந்தது. மகனின் இசை வகுப்பை நான் தள்ளிப்போடலாம் என்று நினைத்திருக்க, மகள் அதைத் தன் தாளின் முதல் வரியாக, 'நிற்காதவை'யில் எழுதியிருந்தாள். நூலக உறுப்பினர் ஆனேன். இசை வகுப்பு தொடர்ந்தது. வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் ஒரு நீண்ட பயணமும் தள்ளிப்போயின. எவரும் முகம் சுளிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். குறைப்பதை நானே தீர்மானித்து மற்றவர்களுக்கு அறிவித்திருந்தால் அந்தப் பத்து விழுக்காடு மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

நான் எந்தக் கணக்கிலும் எழுதியிராத செலவு ஒன்று உண்டு. வேலையில் இல்லாதவரின் நேரத்துக்கு விலையில்லை என்று உறவினர்கள் அனைவரும் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 2016இல் என் தந்தை படுக்கையில் விழுந்தபோது உடன்பிறந்தவர்கள் பணத்தில் தங்கள் பங்கைத் தயங்காமல் கொடுத்தார்கள். மருத்துவமனையில் காத்திருப்பது, இரவில் உடனிருப்பது, மருந்து மாற்றங்களைக் குறித்துவைப்பது எல்லாம் பேச்சே இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தன. "நீதான் ஃப்ரீயா இருக்கியே" என்றான் தம்பி. அதில் குத்தல் எதுவும் இல்லை, உண்மையாகவே அப்படி நினைத்தான். தந்தையோடு அந்த மாதங்களைக் கழிக்க முடிந்ததை நான் முன்கூட்டிய ஓய்வின் மிகப் பெரிய பேறாகக் கருதுகிறேன். ஆயினும் அந்த மாதங்களில் என் வீட்டை மனைவி தனியாகத் தாங்கினார், அலுவலகத்துக்கும் போய்க்கொண்டு. எனவே தாயாருக்கு உதவி தேவைப்பட்டபோது, உடன்பிறந்தவர்களை உட்காரவைத்து, பகலுக்கு ஒரு செவிலியரை அமர்த்தி, அவரது ஊதியத்தை எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். முதலில் சிறிது கசப்பு இருந்தது, பிறகு ஒத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு பேச்சு பின்னால் வரும் என்று தெரிந்தவர்கள், வேலையை விடுவதற்கு முன்பே அதைப் பேசிவைப்பது நல்லது.

கடன் கேட்பவர்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வேலைக்குப் போகாமலேயே சாப்பிடுகிறான் என்றால் எங்கோ புதையல் இருக்கிறது என்று பொருள் கொள்பவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. திரும்பி வராவிட்டாலும் பாதிக்காத சிறு தொகையைக் கொடுப்பது, யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதது என்று கணவனும் மனைவியும் ஒரே பதிலில் நின்றால் இது தானே அடங்கிவிடுகிறது.

வேலையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய காரியங்கள் சில உண்டு. நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு போய்விடலாம் என்பதால், குடும்பத்துக்கென்று தனிக் காப்பீட்டைச் சில ஆண்டுகள் முன்பே எடுத்துவைக்க வேண்டும். இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைக்கும் காப்பீடுகளில் அந்தக் காலமும் சம்பளம் வரும்போதே கழிந்துவிடும். கடன் அட்டையோ வீட்டுக் கடன் மாற்றமோ தேவைப்பட்டால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். என் கையிருப்பு எவ்வளவு என்று காகிதங்களோடு காட்டியும், மாத வருமானச் சான்று இல்லை என்பதற்காக ஒரு வங்கி என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது.

இன்று கையிருப்பு ஆண்டுச் செலவின் 40 மடங்கைத் தாண்டி நிற்கிறது. சேமித்தே பழகிய கை செலவழிக்கத் தயங்குகிறது என்பது இப்போதைய சிக்கல். 2022இல் தள்ளிப்போட்ட பயணத்தை விலை பார்த்தே இரண்டு ஆண்டுகள் இழுத்தேன் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். மனைவியும் வேலையை விட்ட பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று இதற்கு ஓரளவு மருந்தாக இருக்கிறது: ஓர் ஆண்டு முதலீட்டுக் கணக்குகளை நான் நடத்துவேன், அடுத்த ஆண்டு அவர் நடத்துவார். எனக்கு ஏதாவது நேர்ந்தால் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று அவர் தேட வேண்டியிருக்காது என்பதற்காகத் தொடங்கியது அது. நடைமுறையில், நான் எட்டு ஆண்டுகளாகப் பயந்து தொடாமல் வைத்திருந்த சில வைப்புநிதிகளை அவர் தன் முறை வந்த முதல் ஆண்டிலேயே எடுத்து வீட்டைப் பழுதுபார்த்து முடித்துவிட்டார்.

தற்போது மகள் வேலையை விட்டுவிட்டு மேற்படிப்புக்குப் போக விரும்புகிறாள். அதற்குத் தேவைப்படுவது எங்கள் இரண்டு ஆண்டுச் செலவுக்குச் சமமான தொகை. கல்லூரிக்கென்று ஒதுக்கிய கணக்கில் மகனின் கடைசி ஆண்டுக்கு உரியது தவிர எதுவும் மிச்சமில்லை. கடனாகக் கொடுத்து அவள் சம்பாதிக்கும்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பாதியைக் கொடையாகவும் பாதியைக் கடனாகவும் கொடுத்து, மகனுக்கும் அதே அளவு கொடையை எழுதிவைக்க வேண்டும் என்பது மனைவியின் கருத்து. மகனைக் கேட்டோம், தன் பங்கை இப்போதே கொடுத்துவிட்டால் தேவலை என்றான். இந்த ஆண்டு கணக்கு என் மனைவியின் பொறுப்பு.